கோலியஸ் செல் வளர்ப்பில் ரோஸ்மரினிக் அமிலம் வரவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வாசலில் தொட்டியில் அழகுக்கு வைக்கும் அதே கோலியஸ்தான். இலைத்துண்டிலிருந்து கேலஸ் (உருவமற்ற செல் திரள்) எடுத்துத் திரவ மீடியத்தில் (சத்துக் கரைசல்) போட்டு ஷேக்கரில் (குலுக்கும் கருவி) விட்டால், செல்கள் தங்கள் உலர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாக ரோஸ்மரினிக் அமிலம் என்ற ஆன்டிஆக்ஸிடன்டைச் சேர்த்து வைக்கும். முழுச் செடியில் இந்த அளவு கிடையாது. 1977-இல் ஜெர்மனியில் சென்க் குழுவினர் இதைக் காட்டினார்கள். எண்பதுகளில் அங்கேயே ரியாக்டரில் (பெரிய வளர்ப்புத் தொட்டி) லிட்டருக்கு 5 கிராமைத் தாண்டினார்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் தரும் தாவர செல் வளர்ப்பு ஒன்றைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

ஆனாலும் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுகளில் "வளருது, ஆனா ஒண்ணும் வரல" என்ற புலம்பல் ஓய்வதில்லை. அப்படி வரும் மாணவர் கையில் டிபிபிஎச் (ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை) ரீடிங் இருக்கும். மைக்ராஸ்கோப் படம் இருக்காது. தாவர செல் மெதுவாகப் பெருகுவது. ஒருமுறை இரட்டிப்பாக ஒன்றிலிருந்து நான்கு நாள் ஆகும். ஆகவே இன்று கண்ணில் படும் கோளாறு போன சப்கல்ச்சரில் (செல்லைப் புது மீடியத்துக்கு மாற்றுவது), சில சமயம் அதற்கும் முந்தையதில் தொடங்கியிருக்கும். முதலில் செல்லைப் பாருங்கள், அடுத்து மீடியத்தை, கடைசியாகத்தான் அளவீட்டை. கீழே உள்ள அறிகுறிகளையும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

முதலில், நல்ல வளர்ப்பு எப்படி இருக்கும்

250 மி.லி. குடுவையில் 50 மி.லி. மீடியம். காம்போர்க் பி5 என்ற சத்துக் கலவை அடிப்படை, 2 சதவீதம் சர்க்கரை, கேசீன் ஹைட்ரோலைசேட் (சிதைத்த பால் புரதம்), கூடவே 2,4-டி, என்ஏஏ, ஐஏஏ, கைனெட்டின் ஆகிய ஹார்மோன்கள். 25 டிகிரி செல்சியஸ், நிமிடத்துக்கு 100 முதல் 120 சுற்று. ஒவ்வொரு 7 நாளுக்கும் வடிகட்டிய ஈரச் செல் 5 கிராமைப் புது மீடியத்துக்கு மாற்றுவது. இது வளர்ச்சிக்கு. அமிலம் வேண்டும் என்றால் அதே செல்லை 4 அல்லது 5 சதவீதச் சர்க்கரை உள்ள மீடியத்துக்கு மாற்ற வேண்டும்.

400 மடங்கில் பார்த்தால் நல்ல செல்லுக்குள் மெல்லிய இழைகள் நடுவிலிருக்கும் உட்கருவிலிருந்து சுவர் வரை ஓடும். அந்த இழைகளில் சிறு துகள்கள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். இந்த ஓட்டத்தை ஒருமுறை கண்குளிரப் பார்த்துவிட்டால் செத்த செல்லை அடையாளம் காணப் பெரும்பாலும் சாயமே தேவைப்படாது. செத்ததில் ஓட்டம் நின்றுபோய், உள்ளிருப்பது சுருங்கி, சுவரைவிட்டு விலகிக் கிடக்கும். சந்தேகம் இருந்தால் எவன்ஸ் புளூ ஒரு துளி விட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். செத்த செல் நீலமாகும், உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது.

மீடியம் கலங்கியிருக்கிறது

எல்லாக் கலங்கலும் பாக்டீரியா இல்லை. உடைந்த செல்களும் அவற்றிலிருந்து சிதறிய ஸ்டார்ச் மணிகளும் மீடியத்தை மங்கலாக்கும். அந்த மணிகள் மைக்ராஸ்கோப்பில் நடுங்கி அசைவதைப் பார்த்து பாக்டீரியா என்று பயந்து நல்ல வளர்ப்பைக் கொட்டியவர்கள் உண்டு. ஸ்லைடின் ஓரத்தில் ஒரு துளி அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறினால் ஸ்டார்ச். நிறம் மாறாமல், ஒரே அளவில், ஒன்றையொன்று தாண்டி நீந்திப் போனால் பாக்டீரியா. மொட்டு விட்ட முட்டை வடிவங்கள் ஈஸ்ட்; அதற்குக் குடுவையைத் திறக்கும் முன்பே வாசனை காட்டிக்கொடுத்துவிடும். பஞ்சுப் பந்து போல மிதந்தால் பூஞ்சை. அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டியதில்லை.

அது எப்போது, எந்தக் குடுவைகளில் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றிரண்டு நாளில், இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்தால் கைப்பிழை. லேமினாரில் (சுத்தக் காற்று வீசும் மேடை) குடுவை வாய்க்கு மேலே கை போயிருக்கிறது, அல்லது பிப்பெட் எதிலோ பட்டிருக்கிறது. ஒரே நாளில் தயாரித்த மீடியம் எல்லாவற்றிலும் வந்தால் ஆட்டோகிளேவைச் சந்தேகியுங்கள். 50 மி.லி. மீடியம் உள்ள குடுவைக்கு 121 டிகிரியில் 15–20 நிமிடம் போதும். ஒரு லிட்டர் பாட்டிலின் நடுப்பகுதி அந்த வெப்பத்தை எட்டவே கூடுதல் நேரம் வேண்டும். இரண்டையும் ஒன்றாக அடுக்கி ஒரே நேரம் வைத்தால் பெரியது வேகாது. செல் போடாத மீடியம் நாலைந்து குடுவையை ஒரு வாரம் ஷேக்கரிலேயே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

பல வாரம் சுத்தமாக இருந்துவிட்டு, ஒரே கேலஸிலிருந்து வந்த எல்லாக் குடுவையிலும் ஒன்றாகக் கலங்கினால் செடிக்குள்ளேயே குடியிருந்த பாக்டீரியா. மேற்பரப்பைக் கழுவும் ஹைப்போகுளோரைட்டோ மெர்குரிக் குளோரைடோ உள்ளே இருப்பதைத் தொடாது. அந்த லைனை (ஒரே கேலஸிலிருந்து வந்த வளர்ப்பு வரிசையை) விட்டுவிட்டு இளம் நுனி இலையிலிருந்து புதிதாகத் தொடங்குவதே வழி. செஃபோடாக்சைம் என்ற ஆன்டிபயாடிக் போட்டுக் காப்பாற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் பதில். அது பாக்டீரியாவை அடக்கி வைக்கும், ஒழிக்காது. அதற்குள் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு ஆன்டிஆக்ஸிடன்ட் அளவும் நம்பத் தகாததாகிவிடும், ஏனென்றால் நுண்ணுயிர் பட்டாலே தாவர செல் தற்காப்புக்காக ரோஸ்மரினிக் அமிலம் போன்ற பீனாலிக்குகளைக் கூட்டும். கெட்ட குடுவையைத் திறக்காமல் அப்படியே ஆட்டோகிளேவ் செய்து கொட்டுங்கள்.

மாற்றிய பிறகு வளரவே இல்லை

ஒரு வாரம் கழித்தும் போட்ட செல் போட்டபடி இருக்கிறது, ஆனால் பழுப்பாகவும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் பெரும்பாலான செல் உயிரோடு இருந்தால் குறை எண்ணிக்கையில்தான். தாவர செல்கள் மீடியத்துக்குள் சில பொருட்களை விட்டுத் தங்களுக்கு ஏற்றதாக அதை மாற்றிக்கொண்ட பிறகே இரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்கும். குறைவான உறை ஊற்றிய பால் தோயாமல் கிடப்பது மாதிரி, குறைவான செல் போட்ட மீடியமும் சும்மா கிடக்கும். 50 மி.லி.க்கு 5 கிராம் என்பதைக் கண்ணளவில் விடாதீர்கள், எடை போடுங்கள். செல் குறைவாகத்தான் இருக்கிறது என்றால் பழைய வளர்ப்பின் மீடியத்தை வடிகட்டி ஸ்டெரைல் செய்து, புது மீடியத்தில் கால் பங்கு கலந்து பாருங்கள். அல்லது மீடியத்தின் அளவையே 20 மி.லி.க்குக் குறைத்துச் சின்னக் குடுவைக்குப் போங்கள்.

அடுத்தது வயது. 7 நாளில் மாற்ற வேண்டியதைப் பொங்கல் விடுமுறை போய் வந்து 16-ஆம் நாள் மாற்றினால், அந்தச் செல் சர்க்கரை தீர்ந்து பட்டினியில் இருந்தது. புது மீடியத்தில் விழுந்தாலும் எழுந்திருக்க நாளாகும். இரண்டு மூன்று முறை சரியான தேதியில் மாற்றிய பிறகுதான் அதை வைத்துச் சோதனை தொடங்க வேண்டும். விடுமுறைக்குப் போகும் முன், திட மீடியத்தில் கேலஸாக ஒரு பகுதியை மாற்றி வைத்துவிட்டுப் போங்கள். அது நான்கு வாரம் தாங்கும்.

செல்லில் குறை இல்லை, எண்ணிக்கையும் சரி என்றால் மீடியம். மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கட்டிபட்ட ரெடிமேட் பவுடரை எடைபோட்டால் பாதி எடை தண்ணீர். கால்சியமும் பாஸ்பேட்டும் ஒரே அடர் ஸ்டாக்கில் இருந்தால் அடியில் வெள்ளையாகப் படியும். மேலே இருக்கும் தெளிவில் இரண்டுமே குறைவு. இரும்பு-இடிடிஏ ஸ்டாக்கை வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. ஐஏஏ வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் சிதையும். ஸ்டாக் இளஞ்சிவப்பாகியிருந்தால் கொட்டிவிடுங்கள். பிஎச் 5.8-க்கு வைத்தது ஆட்டோகிளேவுக்குப் பிறகு கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆறிய பிறகு ஒரு குடுவையில் மீண்டும் பாருங்கள்; 5-க்குக் கீழே போயிருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கரண்ட் கட்டையும் கணக்கில் எடுங்கள். ஷேக்கர் நின்றால் செல் அடியில் படிந்துவிடும், ஆக்ஸிஜன் மேலே இருந்து மெல்லத்தான் இறங்கும். ஜெனரேட்டர் வந்த பிறகும் சில ஷேக்கர்கள் தானாக ஓடாது, பட்டனை அழுத்த வேண்டும். இரவில் நின்று காலையில் யாரோ அழுத்தியிருந்தால் உங்களுக்குத் தெரியவே வராது. குடுவை வாயில் அலுமினியத் தாளை இறுக்கிக் கட்டினாலும் இதே கதைதான். திறந்தால் ஈஸ்ட் இல்லாமலேயே லேசாகச் சாராய வாடை அடிக்கும். மூச்சு முட்டிய செல் தானே நொதித்திருக்கிறது.

பழுப்பாகிறது

எல்லா தாவர வளர்ப்பிலும் வரும் தொல்லைதான், ஆனால் இந்த வளர்ப்பில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. ரோஸ்மரினிக் அமிலம் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற திரவப் பையில் அடைபட்டிருக்கிறது. அதை ஆக்ஸிகரணம் செய்யும் என்சைம்கள் வாக்குவோலுக்கு வெளியே இருக்கின்றன. நடுவிலுள்ள சவ்வு கிழியும்போதுதான் இரண்டும் சந்திக்கும், பழுப்பு பிறக்கும். அதாவது அந்தப் பழுப்பு நிறம் நீங்கள் தேடும் பொருள் அழிந்ததன் நிறம். சாதாரண வளர்ப்பில் பழுப்பு ஒரு தொந்தரவு. இங்கே அது நேரடியான மகசூல் இழப்பு.

எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். குடுவைக் கழுத்தில் மட்டும் பழுப்பு வளையம் இருந்தால் சுவரில் ஒட்டிக் காய்ந்த செல். சுற்று வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, கையால் குடுவையைச் சுழற்றிக் கழுவிவிட்டால் போதும். மாற்றிய 24 மணி நேரத்துக்குள் எல்லாம் ஒட்டுமொத்தமாகப் பழுத்தால் மாற்றும்போது அடிபட்டிருக்கிறது. வாக்குவம் வடிகட்டியில் செல்லை உலரும் வரை இழுத்திருப்பீர்கள், அல்லது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மீடியத்தை அப்படியே ஊற்றியிருப்பீர்கள், அல்லது நுனி குறுகிய பிப்பெட்டால் உறிஞ்சியிருப்பீர்கள். வடிகட்டும்போது மேலே நிற்கும் தண்ணீர் இறங்கியவுடன் வாக்குவத்தை நிறுத்துங்கள். பிப்பெட் நுனியை வெட்டி அகலமாக்கி ஸ்டெரைல் செய்துகொள்ளுங்கள்.

எலிசிட்டர் (செல்லை அமிலம் சேர்க்கத் தூண்டும் பொருள்) போட்ட பிறகு பழுத்தால் அளவு அதிகம், அல்லது அதைக் கரைத்த எத்தனால் அதிகம். எத்தனால் மொத்தக் கனஅளவில் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கோடையில் ஏசி நின்று அறை 35 டிகிரிக்குப் போன நாளையும் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.

செல் போடும் முன்பே மீடியம் தேநீர் நிறத்தில் இருந்தால் அது செல்லின் தவறில்லை. சர்க்கரையும் கேசீன் ஹைட்ரோலைசேட்டும் ஆட்டோகிளேவில் அதிக நேரம் இருந்திருக்கின்றன.

திசு வளர்ப்புக் கைடுகள் எல்லாம் பழுப்புக்கு ஆக்டிவேட்டட் சார்கோல், பிவிபி, அஸ்கார்பிக் அமிலம் என்று மூன்றைச் சொல்லும். செடி உற்பத்திக்கு அவை சரி. இங்கே முதல் இரண்டையும் தொடாதீர்கள். சார்கோல் ஹார்மோனையும் உறிஞ்சும், பீனாலிக்கையும் உறிஞ்சும். பிவிபி பீனாலிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் சரக்கை நீங்களே பூட்டி வைத்த மாதிரி. அஸ்கார்பிக் அமிலம் வளர்ச்சிக் கட்டத்தில் லிட்டருக்கு 50–100 மி.கி. போடலாம். ஆனால் அது தானே ஆன்டிஆக்ஸிடன்ட். அளக்கப்போகும் குடுவையில் அதைப் போட்டுவிட்டு டிபிபிஎச்சும் ஃபோலினும் (மொத்த பீனாலை அளக்கும் சோதனை) ஏறிவிட்டது என்று மகிழக் கூடாது. பெரும்பாலான பழுப்பு இரண்டு நாள் முன்பே சப்கல்ச்சர் செய்தாலே நின்றுவிடும். நான் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

ஒரு விதிவிலக்கு. உற்பத்தி மீடியத்தில் கடைசி நாட்களில் செல் லேசான மர நிறம் எட்டுவதற்கு அஞ்ச வேண்டாம். எவன்ஸ் புளூவில் பத்தில் ஒன்பது செல் தெளிவாக இருந்தால் தொடருங்கள்.

கட்டி கட்டியாக இருக்கிறது

சிறு கூட்டங்களாக இருப்பது இயல்பு; தாவர செல் இரண்டாகப் பிரிந்த பிறகும் ஒன்றையொன்று விடுவதில்லை. மில்லிமீட்டர் கணக்கில் உருண்டையானால்தான் உள்ளே ஆக்ஸிஜன் எட்டாமல் நடு கறுக்கும். அரை மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுங்கள். இரண்டு மூன்று தலைமுறையில் சரியாகிவிடும். அதற்குமேல் சலிக்காதீர்கள், காரணம் கடைசிக்கு முந்தைய பகுதியில்.

எடை ஏறுகிறது, அமிலம் ஏறவில்லை

முதல் கேள்வி: எந்த எடை? ஈர எடை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மீடியத்தில் சர்க்கரை தீரும்போது வெளியே கரைபொருள் செறிவு குறைகிறது, செல் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. ஈர எடை ஏறிக்கொண்டே இருக்கும், உலர் எடை நின்றுபோய் இறங்கக்கூடத் தொடங்கியிருக்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். கூடவே கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி மீடியம் வைத்து பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) பாருங்கள், கண்டக்டிவிட்டி மீட்டரையும் நனைத்துப் பாருங்கள். செல் உப்புகளை உறிஞ்ச உறிஞ்ச கண்டக்டிவிட்டி இறங்கும். வளர்ச்சியைக் கண்காணிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

இந்த இரண்டு எண்ணும் வேறொன்றையும் சொல்லும். கோலியஸ் செல் வளரும்போது அமிலம் சேர்ப்பதில்லை. பாஸ்பேட் போன்ற சத்து தீர்ந்து வளர்ச்சி நிற்க வேண்டும். நிற்கும் அந்த நேரத்தில் மீடியத்தில் சர்க்கரை மிச்சம் இருக்க வேண்டும். மிச்சமுள்ள அந்தச் சர்க்கரைதான் அமிலமாக மாறுகிறது. 2 சதவீதச் சர்க்கரையில் வளர்ச்சியும் சர்க்கரையும் ஏறத்தாழ ஒன்றாகத் தீரும், ஆகவே அமிலம் கொஞ்சம்தான். 4–5 சதவீதத்தில் வளர்ச்சி நின்ற பிறகும் சர்க்கரை இருக்கும். உங்கள் குடுவையில் கண்டக்டிவிட்டி அடிமட்டத்துக்கு வந்த நாளில் பிரிக்ஸ் என்ன? சுழியத்தை ஒட்டி இருந்தால் குறை எங்கே என்பது தெரிந்துவிட்டது, சர்க்கரையைக் கூட்டுங்கள். பிரிக்ஸ் இன்னும் நன்றாக இருக்கிறது, கண்டக்டிவிட்டியும் இறங்கவில்லை என்றால் அறுவடைக்கு அவசரப்பட்டிருக்கிறீர்கள். இன்னும் நாலைந்து நாள் விடுங்கள்.

எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக்) மீடியத்தில் முயல்பவர்கள் நைட்ரஜனையும் பாருங்கள். அதில் மொத்தம் 60 மில்லிமோலார், அதில் 20 அமோனியம். பி5-இல் அமோனியம் சுமார் 2 மட்டுமே. தாராளமான நைட்ரஜன் செல்லை வளர்ச்சியிலேயே பிடித்து வைக்கும். வளர்க்க ஒரு மீடியம், உற்பத்திக்கு வேறொன்று என்ற இரண்டு கட்ட முறை வெறும் ஆய்வக வழக்கம் இல்லை. 1983-இல் ஜப்பானில் மிட்சுயி நிறுவனம் ஷிகோனின் என்ற சிவப்புச் சாயப் பொருளைத் தொழில்முறையில் எடுத்ததும் இப்படித்தான். அங்கே உற்பத்தி மீடியத்தில் அமோனியமே கிடையாது.

வேறு செடியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோலியஸில் 2,4-டி இருந்தும் அமிலம் வருகிறது. கேரட் செல்லில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி வேண்டும் என்றால் 2,4-டி-யை எடுத்தாக வேண்டும். இருக்கும் வரை செல் வெளிறியே இருக்கும். ஒரு செடியின் செய்முறையை இன்னொன்றுக்கு அப்படியே போட்டுவிட்டு வரவில்லை என்பதில் பொருளில்லை.

எலிசிட்டர் போட்டும் வித்தியாசம் இல்லை

கன்ட்ரோல் (எலிசிட்டர் போடாத) குடுவையின் பழைய அளவுகளோடு இப்போதைய கன்ட்ரோலை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் எலிசிட்டர் வேலை செய்யவில்லை. கன்ட்ரோலே ஏறியிருந்தால் எலிசிட்டர் நன்றாகவே வேலை செய்திருக்கிறது, பக்கத்துக் குடுவையிலும் சேர்த்து!

இங்கே எலிசிட்டராகப் போடும் மெத்தில் ஜாஸ்மோனேட் ஆவியாகும் பொருள். 1990-இல் ஃபார்மர், ரயன் இருவரும் ஒரே மூடிய அறைக்குள் சேஜ்பிரஷ் என்ற புதர்ச்செடியின் கிளையையும் தக்காளிச் செடியையும் வைத்தார்கள். சேஜ்பிரஷ் இலையிலிருந்து காற்றில் கிளம்பிய இதே பொருள் தக்காளியைத் தற்காப்புக்குத் தூண்டியது. மூடிய ஷேக்கர் இன்குபேட்டருக்குள் பஞ்சு அடைத்த குடுவைகளை வரிசையாக வைக்கும்போது நீங்கள் செய்வதும் அதேதான். கன்ட்ரோலை வேறு ஷேக்கரில், முடிந்தால் வேறு அறையில் வையுங்கள். ஒரே ஷேக்கர்தான் இருக்கிறது என்றால் கன்ட்ரோல் ஓட்டத்தை முதலில் முடித்துவிட்டு, அதே வயது செல்லில் எலிசிட்டர் ஓட்டத்தைத் தொடங்குங்கள். கன்ட்ரோலுக்கும் அதே அளவு எத்தனால் போக வேண்டும். எத்தனாலில் கரைத்ததை வடிகட்ட எத்தனாலைத் தாங்கும் ஃபில்டர் வேண்டும். செல்லுலோஸ் நைட்ரேட் கரைந்துபோகும்.

உண்மையிலேயே வேலை செய்யவில்லை என்றால் நாளைப் பாருங்கள். மாற்றிய முதல் நாளே போட்டால் செல் வளர்ச்சியையும் விட்டுவிடும், பொருளும் அதிகம் தராது. வளர்ச்சி உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கும் நாளில், 50 முதல் 100 மைக்ரோமோலார் வரை போட்டு, அடுத்த சில நாட்களுக்குத் தினமும் மாதிரி எடுங்கள். ஒரே ஒரு நாள் எடுத்தால் ஏற்றத்தைத் தவறவிடுவது சுலபம்.

திராட்சை செல்லில் ரெஸ்வெரட்ரால் என்ற வேறொரு ஆன்டிஆக்ஸிடன்ட் செய்பவர்கள் மெத்திலேற்றிய சைக்ளோடெக்ஸ்ட்ரினை 50 மில்லிமோலார் அளவில் சேர்ப்பார்கள். அங்கே பொருள் செல்லை விட்டு மீடியத்துக்கு வந்துவிடும். செல்லை மட்டும் பிழிந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மீடியத்தைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். வெளிச்சம் பட்டால் டிரான்ஸ் வடிவம் சிஸ் ஆக மாறும் என்பதால் அம்பர் வயலும் தேவை.

டிபிபிஎச் அருமை, எச்பிஎல்சியில் பீக் இல்லை

இந்த முரண்பாட்டில் எச்பிஎல்சியைத்தான் (கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் தனிப் பீக்காகக் காட்டும் கருவி) நம்ப வேண்டும். டிபிபிஎச் எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ கொடுக்கும் எதையும் எண்ணும். ஃபோலின் அதைவிட மோசம். கேசீன் ஹைட்ரோலைசேட்டில் உள்ள டைரோசின், அஸ்கார்பிக் அமிலம், ஒடுக்கும் சர்க்கரை எல்லாம் அதில் பீனால் என்றே வரும். செல் போடாத மீடியத்தை, அதே நாட்கள் ஷேக்கரில் வைத்து, அதே மாதிரி பிழிந்து அளந்து பாருங்கள். அந்த எண்ணைக் கழிக்காமல் எந்த அட்டவணையையும் தீசிஸில் போடாதீர்கள். செல்லை அளக்கும் முன் வடிகட்டியில் வைத்துக் காய்ச்சி வடித்த தண்ணீரால் ஒருமுறை சட்டென்று அலசினால் ஒட்டியிருக்கும் மீடியத்தில் பெரும்பகுதி போய்விடும்.

எல்லா மாதிரியும் 90 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அது வெற்றி இல்லை. டிபிபிஎச் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நீர்த்துப்போகச் செய்து, ஐந்தாறு செறிவில் அளந்து, பாதி குறையும் செறிவைக் கணக்கிடுங்கள். ஆந்தோசயனின் உள்ள மாதிரிக்கு இன்னொரு சிக்கல்: டிபிபிஎச் அளக்கும் 517 நானோமீட்டரை ஒட்டி அதுவும் ஒளியை உறிஞ்சும், ஆகவே செயல்திறன் குறைவாகத் தெரியும். மாதிரிக்கு மட்டும் தனி பிளாங்க் வையுங்கள், அல்லது 734 நானோமீட்டரில் பார்க்கும் ஏபிடிஎஸ் சோதனைக்குப் போங்கள்.

இப்போது பீக். உலர்த்தாத ஈரச் செல்லைத் தண்ணீரில் போட்டு மோர்ட்டாரில் அரைத்தீர்களா? அரைக்கும்போதே கண்ணெதிரே பழுத்திருக்கும். அமிலம் எச்பிஎல்சி வரை வந்து சேரவே இல்லை. செல்லை வடிகட்டியவுடன் உறைய வைத்து, ஃப்ரீஸ் டிரையரில் உலர்த்தி, உலர்ந்ததை 70 சதவீத எத்தனாலில் 70 டிகிரி சோனிகேட்டர் குளியலில் கால் மணி நேரம் வையுங்கள். சூடும் ஆல்கஹாலும் என்சைம்களைச் செயலிழக்கச் செய்துவிடும்.

பீக் இருக்கிறது ஆனால் பரந்து, வாலோடு, இரண்டாகப் பிளந்து வருகிறது என்றால் மொபைல் பேஸில் (எச்பிஎல்சியில் ஓடும் கரைப்பான்) அமிலம் போதவில்லை. 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம் சேருங்கள். 330 நானோமீட்டரில் பாருங்கள். பீக் வந்த நேரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். காஃபியிக் அமிலத்தின் நிறமாலையும் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும். உங்கள் மாதிரியிலேயே கொஞ்சம் ஸ்டாண்டர்டைக் கலந்து ஏற்றுங்கள். அதே பீக் தோளில்லாமல் உயர்ந்தால் அது ரோஸ்மரினிக் அமிலம்தான்.

போன வருடம் வந்தது, இப்போது வருவதில்லை

செய்முறை மாறவில்லை என்பீர்கள். ஒவ்வொரு சப்கல்ச்சரிலும் நீங்கள் அறியாமலேயே ஒரு தேர்வு நடக்கிறது. பிப்பெட்டில் ஏறுவது சிறிய, வேகமாகப் பிரியும் செல். கட்டியாக, மெதுவாக வளர்ந்து, பொருளைச் சேர்ப்பது அடியில் தங்கிவிடும். வருடக்கணக்கில் இப்படிப் போனால் குடுவை முழுக்க நன்றாக வளரும், ஒன்றும் தராத செல்லே மிஞ்சும். சல்லடையை ஓயாமல் பயன்படுத்த வேண்டாம் என்றது இதனால்தான்.

கேரட்டில் சிவப்புக் கட்டியைக் கண்ணால் பார்த்தே பொறுக்கலாம். ரோஸ்மரினிக் அமிலத்துக்கு நிறமில்லை. ஆகவே கேலஸைத் தட்டில் பரப்பி, தனித்தனிக் கட்டிகளை வளர்த்து, ஒவ்வொன்றிலும் பாதியை அளந்து, நல்லதன் மறுபாதியிலிருந்து சஸ்பென்ஷனை (திரவ வளர்ப்பை) மீண்டும் தொடங்க வேண்டும். அலுப்பான வேலைதான், வேறு குறுக்குவழி இல்லை. திரவ நைட்ரஜன் வசதி இருந்தால், நன்றாகத் தரும் லைன் கையில் இருக்கும்போதே மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்துவிடுங்கள். குடுவையில் தேதியோடு சப்கல்ச்சர் எண்ணையும் எழுதுங்கள்.

குடுவையில் வருகிறது, ரியாக்டரில் வரவில்லை

மூன்று இடத்தில் தேடுங்கள். போட்ட செல்லின் அளவு குறைவாக இருந்து தொடக்கம் நீண்டிருக்கலாம். கனஅளவில் 10–20 சதவீதம் வளர்ப்பை ஊற்றுங்கள். கலக்கியின் அலகு செல்லை வெட்டியிருக்கலாம். தாவர செல் பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியது, தட்டையான அலகு கொண்ட ரஷ்டன் டர்பைனை வேகமாக ஓட்டினால் தாங்காது. சாய்ந்த, அகன்ற அலகுக்கோ ஏர்லிஃப்ட்டுக்கோ (காற்றாலேயே கலக்கும் ரியாக்டர்) மாறுங்கள். காற்று அதிகமாகப் போயிருக்கலாம்; செல்லுக்குத் தேவையான கார்பன் டை ஆக்ஸைடும் எத்திலீனும் காற்றோடு அடித்துச் செல்லப்படும். நிமிடத்துக்குத் திரவக் கனஅளவில் பத்தில் ஒரு பங்கு காற்றில் தொடங்கி, செல் அடர ஆகக் கூட்டுங்கள்.

நுரை வந்தால் செல் அதோடு மேலே ஏறிச் சுவரில் பிடித்துக் காயும். பழுப்பு வளையம் இங்கேயும் அதே கதை. ஆன்டிஃபோமைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், மொத்தமாக ஊற்றினால் ஆக்ஸிஜன் கரைவது குறையும். பிஎச் முதலில் இறங்கிப் பிறகு ஏறுவதைப் பார்த்து அமிலமும் காரமும் மாற்றி மாற்றி விடாதீர்கள். அமோனியத்தை முதலில் எடுக்கும்போது இறங்குகிறது, நைட்ரேட்டுக்குப் போகும்போது ஏறுகிறது. செல் நலமாக இருப்பதன் அடையாளம் அது.

அறுவடை நாளில் காற்றை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். செல் அடியில் படிந்து மூச்சு முட்டும், சவ்வு கிழியும், அத்தனை வாரம் சேர்த்த அமிலம் மதியத்துக்குள் பழுப்பாகும். வடிகட்டியும் உறைய வைக்கும் பெட்டியும் தயாரான பிறகே வால்வை மூடுங்கள்.